சைவ வீட்டுப் பிள்ளையின் மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டி: பக்கத்துப் பண்ணையை அகற்ற மனுக் கொடுப்பது சரியா?

கேட்டவர்: அமராவதிக்கரை, தாராபுரம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை குடும்பத்தினர் தாராபுரத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறார்கள். தங்கையின் மகனுக்கு எட்டு வயது. சென்ற மாதம் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவனுடைய வலக்கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. சிறிது நேரத்தில் நினைவும் தப்பியது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்ததில், மூளையின் இடப்பக்கத்தில் வளைய வடிவில் ஒரே ஒரு சிறு கட்டி இருப்பது தெரிந்தது. காசநோய்க் கட்டியாக இருக்குமோ என்று முதலில் ஐயப்பட்ட மருத்துவர்கள், பிற சோதனைகளையும் பார்த்தபின் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கியதால் வந்த கட்டி என்று சொல்லி, வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பையன் இப்போது நலமாக இருக்கிறான்.

எங்களுக்குப் புரியாதது, இந்தப் புழு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதுதான். என் மைத்துனர் வீட்டில் பல தலைமுறையாகச் சைவம், முட்டைகூட அடுப்பேறியதில்லை. தோட்டத்துக்குக் கிழக்கே சிறிது தொலைவில் ஒருவர் வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். அங்கிருந்துதான் காற்றிலோ கிணற்று நீரிலோ புழு பரவியிருக்கிறது என்று ஊரில் முடிவே கட்டிவிட்டார்கள். பண்ணையை அகற்றக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க மனு எழுதிவிட்டு, பையனின் மாமன் என்ற முறையில் என் கையெழுத்தை முதலில் கேட்கிறார்கள். பையனின் அப்பத்தாவோ முட்டைக்கோஸ்தான் காரணம் என்று அதை வீட்டில் வாங்குவதையே நிறுத்திவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பள்ளியில் இவனைத் தனியாக உட்கார வைத்திருப்பது எல்லாவற்றையும்விட வேதனையாக இருக்கிறது.

பன்றிக்கும் மனிதருக்கும் இடையே இந்தப் புழு உண்மையில் எப்படிப் போய்வருகிறது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

தம்பி, முதலில் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைக்கச் சொல்லுங்கள். மூளையில் கட்டி உள்ளவரிடமிருந்து அந்தக் கட்டியால் இன்னொருவருக்கு எதுவும் பரவாது. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், எச்சில் பட்டாலும் பரவ வழியில்லை. அந்தக் கட்டிக்குள் இருப்பது முட்டையிடும் பருவத்தை எட்டாத புழு. அது அங்கேயே அடைபட்டு அங்கேயே அழிந்துபோகும்.

இனி புழுவின் சுற்றைப் பார்ப்போம். டீனியா சோலியம் எனப்படும் இந்த நாடாப்புழு முழு வளர்ச்சி அடைந்து முட்டையிடும் ஒரே இடம் மனிதக் குடல். பன்றியின் குடலில் அது வளர்ந்த புழுவாக வாழ்வதில்லை. ஆகவே பன்றியின் சாணத்தில் இந்தப் புழுவின் முட்டை உற்பத்தியாவதும் இல்லை. இதை மட்டும் ஊரார் மனத்தில் பதிய வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். குடலில் புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழிக்கும்போது, முட்டை நிறைந்த புழுத்துண்டுகள் மலத்தோடு வெளியேறுகின்றன. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடப்பட்ட பன்றி அதைத் தின்றால், முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய கரு பன்றியின் குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நாக்கு, தொடை, இதயம், மூளை என்று போய்த் தங்கி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நீர்க்கட்டியாகிறது. அந்தப் பன்றியின் கறியைச் சரியாக வேகவைக்காமல் மனிதர் உண்ணும்போது, கட்டிக்குள் இருக்கும் புழுத்தலை குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, மேலும் இரண்டு மாதங்களில் முழுப்புழுவாகிறது. அதன் நீளம் பொதுவாக 2 முதல் 7 மீட்டர் வரை இருக்கும்.

பணியில் இருந்த காலத்தில் அறுத்த பன்றிகள் சிலவற்றில் இக்கட்டிகளை நேரில் பார்த்திருக்கிறேன். தசைநார்களின் போக்கிலேயே, வேகவைத்த ஜவ்வரிசியைப் பதித்து வைத்தாற்போல் நீள்வட்டமாக, உள்ளே ஒரு வெண்புள்ளியோடு வரிசையாகக் கிடக்கும். பன்றி உயிரோடு இருக்கும்போது பெரும்பாலும் எந்த நோய்க்குறியும் தெரியாது. தீனி எடுக்கும், எடை போடும். கடுமையாகத் தாக்கப்பட்ட பன்றியின் நாக்கை வெளியே இழுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவினால் கட்டிகள் நெருடும். ஆனால் கட்டி குறைவாக உள்ள பன்றி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. சாலையோரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெட்டி விற்கும் இடங்களில் பெரும்பாலும் கறியைச் சோதிக்கவே ஆள் இருப்பதில்லை. அந்தக் குறை நீங்க வேண்டும் என்று பணிக்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

இந்தச் சுற்று வெறும் ஊகமன்று. ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் குக்கன்மைஸ்டர், மரண தண்டனைக்குக் காத்திருந்த ஒரு கைதிக்குப் பன்றிக்கட்டிகளை உணவில் கலந்து கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் அவருடைய குடலில் நாடாப்புழுக்களைக் கண்டு 1855இல் அறிவித்தார். இன்றைக்கு எந்த மருத்துவரும் செய்யக் கூடாத கொடிய சோதனை அது. ஆயினும் பன்றிக்கட்டியும் மனிதக் குடற்புழுவும் ஒரே உயிர் என்பது அப்போதுதான் ஐயமற நிலைபெற்றது.

மறுமொழி: மருத்துவ ஆய்வகப் பணியாளர், ஈரோடு

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல், உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்தும் பகுதியை நான் சொல்கிறேன். இந்தப் புழுவால் மனிதருக்கு வரும் நோய் இரண்டு வகை. இரண்டும் இரண்டு வெவ்வேறு வழியில் வருகின்றன. கட்டியுள்ள கறியை உண்டால் குடலில் புழு வளரும். புழுவின் முட்டையை விழுங்கினால் பன்றிக்கு நேர்வதே மனிதருக்கும் நேரும். அதாவது தசையிலும் கண்ணிலும் மூளையிலும் கட்டி வரும். உங்கள் தங்கை மகன் விழுங்கியது முட்டையை. அந்த முட்டை வந்தது குடலில் புழுவைச் சுமக்கும் ஒரு மனிதரிடமிருந்து. ஒருவர் வாழ்நாளில் பன்றிக்கறியைக் கண்ணால் பாராமலே இருக்கலாம்; அவருக்குச் சமைத்துப் போடுபவரின் குடலில் புழு இருந்து, மலம் கழித்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவர் சட்னி அரைத்தால் அதுவே போதும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சமய விதிப்படி பன்றிக்கறியை அறவே விலக்கி வாழும் நியூயார்க் நகர யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு 1990, 1991ஆம் ஆண்டுகளில் மூளையில் இக்கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. விசாரித்ததில், இந்நோய் மிகுந்த நாடுகளிலிருந்து வந்து அவ்வீடுகளில் வேலை செய்தவர்களிடமிருந்து முட்டை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

முதிர்ந்த ஒரு துண்டில் மட்டும் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கும். அவை வெளியே வந்த உடனேயே தொற்றக்கூடியவை. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஈயின் காலில்கூடப் போகும். நம் பக்கத்துச் சாளைகளில் குடத்துத் தண்ணீருக்குள் கையோடு சொம்பை விட்டு மொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி மொள்ளும் ஒருவர் புழுவைச் சுமப்பவராக இருந்துவிட்டால், அந்தக் குடத்து நீரைக் குடிக்கும் எல்லாருக்கும் ஆபத்து. ஆகவே பிடியுள்ள மொண்டையைக் குடத்தருகே வையுங்கள்.

அப்பத்தா முட்டைக்கோஸைப் பற்றிச் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. முட்டைக்கோஸுக்குள் புழு பிறப்பதில்லை. மனிதக் கழிவு கலந்த நீர் பாய்ந்த எந்தக் காயிலும் கீரையிலும் முட்டை ஒட்டியிருக்கலாம். செப்டிக் டேங்க் லாரிகள் இரவில் பள்ளத்திலோ வாய்க்காலோரத்திலோ கழிவைக் கொட்டிவிட்டுப் போவது நம் பகுதியில் எல்லாரும் அறிந்த செய்தி. அந்த நீர் அடுத்த தோட்டத்துக் கொத்தமல்லியில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வேகவைத்த முட்டைக்கோஸ் பொரியலால் ஒரு தீங்கும் இல்லை. பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, கேரட், வெங்காயம், வெள்ளரி ஆகியவற்றைத்தான் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்புநீரிலோ வினிகரிலோ ஊறவைப்பதால் முட்டை செத்துவிடும் என்று நம்பாதீர்கள். தண்ணீரில் போடும் குளோரினுக்கும் அது எளிதில் மசியாது. தேய்த்துக் கழுவி முட்டையை அகற்றுவதும், நன்றாக வேகவைப்பதுமே நம் கையில் உள்ள வழிகள்.

எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டில் உள்ள அனைவருக்கும், சமையலுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வந்துபோகிறவர்களுக்கும் சேர்த்து மலப்பரிசோதனை செய்வது. முட்டை நாள்தோறும் வெளிவருவதில்லை என்பதால் ஒரே மாதிரியைப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. வெவ்வேறு நாளில் மூன்று மாதிரிகள் கொடுப்பது நல்லது. வெண்மையாக, தட்டையாக, நாடாவை வெட்டிப் போட்டாற்போன்ற துண்டுகள் மலத்தில் வந்ததுண்டா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். புழுவைச் சுமப்பவர் பலருக்கு அதைத் தவிர வேறு அறிகுறியே இருக்காது.

மறுமொழி: திருப்பூர் வாசகர்

பின்னலாடை வேலைக்கு வெளிமாநிலங்களிலிருந்து பலர் வந்த பிறகுதான் இந்த நோய் நம் பக்கம் மிகுந்துவிட்டது என்று இங்கே பரவலாகப் பேசிக்கொள்கிறார்கள். அவர்களை எல்லாம் பரிசோதித்தால் போதாதா?

மறுமொழி: மருத்துவ ஆய்வகப் பணியாளர், ஈரோடு

அண்ணா, அந்தப் பேச்சைத் தயவுசெய்து பரப்ப வேண்டாம். இந்நோய் நம் மண்ணுக்குப் புதிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அம்மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தக் கட்டியே காரணம் என்று கண்டார்கள். அவர்கள் எல்லாரும் அந்தந்த ஊரிலேயே வாழும் மக்கள். நோய் மிகுந்த நாடுகளில் வலிப்பு நோய்க்கு 30 விழுக்காடு அளவுக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எந்த மாநிலத்தவர் என்பது புழுவுக்குப் பொருட்டில்லை. ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்துவைத்து, ஒழுங்கான கழிப்பிடமும் கைகழுவத் தண்ணீரும் தராத விடுதிகள் இருந்தால், அங்கே தங்குகிறவர் யாராக இருந்தாலும் தொற்றும். கேள்வி கேட்க வேண்டியது விடுதி நடத்துகிறவர்களை.

மறுமொழி: வெண்பன்றி வளர்ப்பவன், பெருந்துறை

மனுவைப் பற்றி நான் பேசினால் தொழிலுக்காகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். இருந்தாலும் பண்ணைக்குள் நடப்பதை அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சிமெண்டுத் தளத்தில், சுற்றுச்சுவருக்குள் அடைத்து வளர்க்கும் பன்றி வெளியே போய் மனிதக் கழிவைத் தின்ன வழியே இல்லை. அவ்வகையில், சாக்கடை ஓரத்தில் திரியவிட்டு வளர்க்கும் பன்றியைவிட அடைத்து வளர்க்கும் வெண்பன்றி பலமடங்கு பாதுகாப்பானது. ஆனால் அடைத்து வளர்த்தாலே போதும் என்று பண்ணைக்காரர்கள் நிறைவடைந்துவிடக் கூடாது. பல பண்ணைகளில் ஒரு வேலையாள் குடும்பம் அங்கேயே தங்கியிருக்கும். அவர்களுக்குக் கழிப்பறை இருக்காது. கொட்டகைக்குப் பின்னாலுள்ள காட்டுப் பக்கம் ஒதுங்குவார்கள். அந்தக் காட்டிலிருந்தே பன்றிக்குப் பசுந்தீவனமும் அறுத்துவந்து போடுவார்கள். சுவர் எழுப்பி அடைத்த சுற்று இப்படிப் புல்லுக்கட்டு வழியாக மறுபடி திறந்துகொள்கிறது. என் பண்ணையில் கொட்டகை கட்டும் முன்பே வேலையாட்களுக்குக் கழிப்பறை கட்டினேன். அதன் குழாயருகே சோப்பு தீர்ந்திருக்கிறதா என்று காலையில் நானே போய்ப் பார்க்கிறேன்.

பன்றிகளுக்கென்று தடுப்பூசியும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய மூலத்தைக்கொண்டு ஐதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யுனாலஜிகல்ஸ் நிறுவனம் சிஸ்வேக்ஸ் என்ற பெயரில் அதைத் தயாரிக்கிறது. ஊசி போடும் முன்பே உடலில் குடியேறிவிட்ட கட்டிகளை அது அழிக்காது. அதற்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் வாய்வழி கொடுக்க வேண்டும். அம்மருந்து கொடுத்த பன்றியைக் குறித்த நாள் கழியும் வரை கறிக்கு அனுப்பக் கூடாது. இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

உங்கள் ஊர் மனுவில் பண்ணையை அகற்றச் சொல்வதற்கு மாறாக, வேலையாட்களுக்குக் கழிப்பறை, பன்றி வெளியேறாத சுவர், செப்டிக் டேங்க் லாரிகளைத் தடுத்தல் ஆகியவற்றைக் கேட்டு எழுதினால், அந்தப் பண்ணைக்காரரே முதல் கையெழுத்துப் போடக்கூடும். அகற்றிவிட்டால் அவர் வேறோர் ஊருக்குப் போவார். உங்கள் ஊரில் யாருடைய குடலிலாவது புழு இருந்தால் அது அப்படியே இருக்கும்.

கறி உண்பவர்களுக்கும் ஒரு சொல். கோயில் விருந்துகளில் பெரிய அண்டாவில் அவசரமாக வேகவைக்கும்போது மேல்துண்டு வெந்தும் அடித்துண்டு அரைவேக்காடாகவும் நின்றுவிடுவதை நான் கண்டிருக்கிறேன். பெரிய துண்டைப் பிளந்துபார்த்து, உள்ளே செந்நிறம் மறைந்து, வடியும் சாறு தெளிவாக இருக்கும் வரை அடுப்பை விட்டு இறக்காதீர்கள். தணலில் வாட்டி உண்பது இன்னும் ஆபத்து. வெளியே கருகியிருந்தாலும் உள்ளே கட்டி சாகாமல் இருக்கும்.

கேட்டவர்: அமராவதிக்கரை

விளக்கம் அளித்த அனைவருக்கும் நன்றி. மனுவை மாற்றி எழுதலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள், மற்றவர்களிடம் பேச வேண்டும். இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. தங்கை வீட்டில் சமையலுக்கு உதவிசெய்யும் அம்மா பல ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர். பையனைத் தூக்கி வளர்த்தவர். அவரிடம் மலப்பரிசோதனை செய்யச் சொன்னால், பழி சுமத்துகிறோம் என்று எண்ணிவிடுவாரோ என்று தங்கை தயங்குகிறாள். யாரையும் சோதிக்காமல், மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி வீட்டில் எல்லாருமாகப் போட்டுக்கொண்டால் போதாதா?

மறுமொழி: பொது மருத்துவர், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம், அண்ணா. இந்த ஓர் இடத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை, உருண்டைப் புழுக்களுக்கு நன்றாக வேலை செய்யும். நாடாப்புழுவுக்கு ஒரு வேளை மாத்திரையை நம்ப முடியாது. நாடாப்புழுவுக்குரிய மருந்துகள் பிராசிகுவாண்டலும் நிக்ளோசமைடும் ஆகும். பிராசிகுவாண்டல் இரத்தத்தில் கலந்து மூளையையும் எட்டும். ஒருவருக்கு மூளையில் கட்டி இருந்து, அது அவருக்கே தெரியாமல் அமைதியாக இருக்கும் நிலையில் அம்மாத்திரையைப் போட்டால், கட்டி திடீரென்று சிதைந்து வீக்கம் ஏற்பட்டு, வலிப்பு வரக்கூடும். உயிரோடு இருக்கும் கட்டி பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை, அது சாகும்போது உடல் காட்டும் எதிர்ப்பே வலிப்பாக வெளிப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். நிக்ளோசமைடு குடலிலேயே தங்கி வேலை செய்வதால் அந்த ஆபத்து குறைவு. யாருக்கு எது, எவ்வளவு என்பதை, தலைவலியோ வலிப்போ இருந்ததுண்டா என்று கேட்டறிந்தபின் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பையனுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஒரே கட்டி உள்ள பிள்ளைகள் பலருக்கு அது சில மாதங்களில் தானாகவே சுருங்கி மறைவதை மறு ஸ்கேனில் பார்க்கிறோம். புழுமருந்து தேவையா, அதோடு வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு தேவையா என்பதை நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். கண்ணில் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அம்மருந்தைத் தொடங்குவார்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மீண்டும் வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காமல், பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் ஊட்டாமல், அருகில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சமையல் அம்மாவிடம் அவரை மட்டும் தனியாகச் சொல்லாதீர்கள். அப்பத்தா, மைத்துனர், தங்கை, பையன், அடிக்கடி வந்துபோகும் நீங்கள் என எல்லாருக்கும் ஒரே நாளில் டப்பாக்களை வாங்கி, முதல் டப்பாவைத் தங்கையே எடுத்துக்கொள்ளட்டும். அந்த அம்மாவுக்குப் புழு இருப்பதாகத் தெரியவந்தால், அதிகம் ஆபத்தில் இருப்பவர் அவரேதான். தன் கையிலிருந்தே முட்டை தன் வாய்க்குப் போய் அவருடைய மூளையிலும் கட்டி வரக்கூடும் என்பதைப் பரிவோடு எடுத்துச் சொல்லி, மருத்துவச் செலவை உங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளுங்கள். மருந்து சாப்பிட்ட நாள்களில் அவர் கட்டாயம் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் புழு துண்டு துண்டாக முட்டைகளோடு வெளியேறும் நேரம் அதுதான். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை மலப்பரிசோதனை செய்து, புழுத்தலை குடலில் தங்கி மறுபடி வளரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.